மாத்து இன்ஜின்

செங்கல்பட்டு மேம்பாலத்தில் ஏறும்போதுதான் லாரி கடைசியாக மக்கர் பண்ணியது. பாரம் ஒன்றும் அதிகமில்லை. மதுராந்தகம் பக்கத்துக் குவாரியிலிருந்து மாமல்லபுரத்துச் சிற்பக்கூடத்துக்குப் போகிற சில கற்கள்தான். சாலமோன் கியரை இறக்கிப் பார்த்தான். வண்டி கொஞ்சம் ஏறியது, உறுமியது, நின்றுவிட்டது. நீலப்புகை பாலத்தை மூடிக்கொண்டது. பின்னால் நின்ற திருக்கழுக்குன்றம் பஸ்ஸிலிருந்து ஜனங்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். சைக்கிளில் வந்த ஒருவன் தோள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஊரையே கொளுத்திகினு போறியே நைனா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பைபாஸ் ஓரத்தில் மோசஸின் மெக்கானிக் ஷெட் வரைக்கும் கயிறு கட்டித்தான் இழுத்துப்போக வேண்டியிருந்தது. மோசஸ் ஆயில் மூடியைத் திறந்தான். இட்லிப் பானையைத் திறந்தது போல ஆவி குப்பென்று வந்தது. மூடியைத் திருப்பிப் போட்டுவிட்டு வேட்டியில் கையைத் துடைத்தான்.

"அண்ணாத்த, போரு, கிராங்கு எல்லாம் தேஞ்சி போச்சி. ரிங் மாத்தி ஓட்டலாம்னு சொல்லி உங்கிட்ட காசு வாங்கினா அது பாவம். போன தபா மாத்தனதே தாங்கல பாரு."

"அப்ப இன்னாதான் செய்றது?"

"மாத்து இன்ஜின் வாங்கிப் போடு. கம்பெனிலயே பழைய இன்ஜின வாங்கினு போயி அக்கு அக்கா பிரிச்சி, தேஞ்சதுக்கெல்லாம் புதுசு போட்டு, புது அளவுக்கே கட்டிக் குடுக்கறான். கேரண்டி உண்டு. ஒண்ணு, நம்ம பழசை அவங்கிட்ட குடுத்துடணும். அது திரும்பி வராது."

"வண்டியே என்து இல்லியே மோசஸ்."

"அப்ப ஓனர்கிட்ட போய் சொல்லு."

ஓனர் பாஷ்யம் சார். மாமல்லபுரத்தில் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனபோது வந்த பணத்தில் அந்த லாரியை வாங்கினார். ஊரில் சிற்பக்கூடங்கள் பெருகிக்கொண்டிருந்த காலம். கல் கொண்டுவந்து போட வண்டி கிடைக்காமல் ஸ்தபதிகள் அலைந்தார்கள். அன்றிலிருந்து சாலமோன்தான் டிரைவர். திருப்போரூர் பக்கத்தில் பாஷ்யத்தின் குடும்பத்துக்கு இருந்த நிலத்தில் சாலமோனின் அப்பா ஏர் ஓட்டியவர். சாகிறவரை அந்த வீட்டு மாட்டுக் கொட்டகையைத் தாண்டி உள்ளே போனதில்லை. சாலமோன் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கணக்குச் சொல்ல வாசலில் வந்து நின்றவனை பாஷ்யம் உள்ளே கூப்பிட்டு, கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அந்த நாற்காலிக்காகவே சாலமோன் அவரிடம் சம்பளம் கூட்டிக் கேட்டதில்லை.

அன்றைக்கும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்து மோசஸ் சொன்னதையெல்லாம் சொன்னான். பாஷ்யம் கண்ணாடியைக் கழற்றிப் பேப்பர் மேல் வைத்தார். அவர் மனைவி பர்வதம் சமையலறை நிலைப்படியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இனிமே இதுல பணம் போடத் தெம்பு இல்லை, சாலமோன். பழைய இரும்பு எடைக்குப் போட்டுடுன்னு பிள்ளை ராமானுஜம் மெட்ராஸ்லேர்ந்து போன்ல சொல்லிண்டே இருக்கான்."

"எடைக்குப் போட்டுட்டா நான் எங்க சார் போவேன்?"

பாஷ்யம் கண்ணாடியை எடுத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். "ஒண்ணு பண்ணு. இன்ஜினை நீயே போட்டுக்கோ. வண்டியையும் நீயே எடுத்துக்கோ. இத்தனை வருஷம் உழைச்சிருக்கே. இனிமே அது உன்னோட வண்டி."

"புக்குல பேரு சார்..."

"பேரென்ன பேரு. சித்திரை பொறக்கட்டும். செங்கல்பட்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்டுக் குடுத்துடறேன்."

"நல்ல காரியம், ஏன்னா" என்றாள் பர்வதம். "அவனுக்கும் ஒரு பொண்ணு இருக்கு."

பூஞ்சேரி வீட்டுக்குச் சாலமோன் நடந்தே போனான். மனைவி பொன்னி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, லாட்ஜில் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பாதி சோப்புகளை டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். மகள் சிநேகா பத்தாவது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சாலமோன் நடந்ததையெல்லாம் பொன்னியிடம் சொன்னான்.

அவளுக்குத் திருப்போரூருக்குக் கிட்டத்தில் அப்பன் விட்டுப்போன துண்டு நிலம் ஒன்று இருந்தது. அதில் வீடு கட்ட வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். பிளாட் போடுகிறவர்கள் ரெண்டு மூன்று முறை வந்து கேட்டிருந்தார்கள்.

"அத்த குடுத்துடலாம்" என்றாள்.

"வூடு?"

"மண்ணு அங்க சும்மா படுத்துகினுதான கீது. நாம வூடு கட்டறதுக்குள்ள நமக்குப் பல்லு கொட்டிப்பூடும். லாரி நம்முதுன்னு ஆச்சின்னா, இங்கயே கட்டிக்கலாம்." சோப்பு டப்பாவை மூடினாள். "பேர மட்டும் இப்பவே மாத்திக் குடுக்க சொல்லேன்."

"இன்னாம்மே நீ. அவரு வாயால குடுத்துட்டாரு. நான் போய் மொதல்ல பேர மாத்துன்னு நின்னா, அவர நம்பலன்னு ஆவாது?"

பொன்னிக்கு மனசில்லை. ஆனால் அந்த வீட்டைப் பற்றிப் பேசும்போது புருஷன் முகத்தில் வருகிற பணிவு அவளுக்குத் தெரியும். விட்டுவிட்டாள்.

நிலம் போனது. பங்குனி வெயிலில் இன்ஜின் வந்தது.

இன்ஜின் ஏற்றுகிற அன்றைக்குப் பொன்னி லீவு சொல்லிவிட்டு, சோறும் கானாங்கெளுத்தி மீன் குழம்பும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி ஷெட்டுக்கே வந்துவிட்டாள். சங்கிலியில் மாட்டிப் பழைய இன்ஜினை வெளியே தூக்கியபோது அது கறுப்பாக ஆயில் சொட்டிக்கொண்டே வந்தது. வண்டிக்கு முன்னால் அந்த இடம் வெறும் பள்ளமாகத் திறந்து கிடந்தது. கம்பெனி வேன்காரன் பழசை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். மாத்து இன்ஜின் சாம்பல் பெயிண்ட் அடித்து, புது நம்பர் குத்தி, பிளாஸ்டிக் தாள் சுற்றி வந்திருந்தது. மோசஸ் தாளைப் பிரித்ததும் பொன்னி கிட்டே போய் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இதுலயா என் நெலம் கீது" என்று சிரித்தாள்.

மாட்டி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. ஸ்டார்ட் பண்ணியதும் சத்தம் சீராக, அடங்கி வந்தது. புகை இல்லை. மோசஸ் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, ரேடியேட்டர் மேல் கை வைத்தபடி சொன்னான்:

"அண்ணாத்த, இத்த நீ பச்சப்புள்ள மாதிரி பாக்கணும். உள்ள எல்லாம் புதுசா போட்டது, ஒண்ணோட ஒண்ணு ஒரசி பழகணும். ரெண்டு மூணு மாசத்துக்குப் பாதி லோடுதான். வெரட்டாத. சூடு ஏறினா ஓரங்கட்டிடு. மீறினன்னு வையி, பிஸ்டன் புடிச்சிக்கும், இன்ஜின் அப்டியே இறுகிப்பூடும். கேரண்டியும் குடுக்கமாட்டான்."

புது இன்ஜின் நம்பரை ஆர்.சி. புக்கில் ஏற்ற பாஷ்யம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஏறியது. புக் அவர் பெயரில்தான் இருந்தது.

அந்தச் சில வாரங்கள் சாலமோன் இருந்த மாதிரி பொன்னி அவனைப் பார்த்ததில்லை. விடியற்காலையில் எழுந்து வண்டியைத் துடைப்பான். ஸ்தபதிகள் இன்னும் ரெண்டு கல் ஏற்றச் சொன்னால் சிரித்துக்கொண்டே முடியாது என்பான். ஈசிஆர் ரோட்டை அகலப்படுத்தி டோல்கேட் போட்டிருந்த புதுசு. காரெல்லாம் சீறிக்கொண்டு போகும். சாலமோன் இடதுபக்க ஓரமாக மாட்டுவண்டி மாதிரி வருவான். பாரம் குறைந்ததால் வரும்படியும் குறைந்தது. வீட்டில் காலையில் கஞ்சிதான். "பழகட்டும், பழகட்டும்" என்பான்.

சித்திரை பிறந்தது. சாலமோன் போய் நின்றான். வெயில் தாழட்டும் என்றார் பாஷ்யம். அடுத்த வாரம் போனபோது ராமானுஜம் மெட்ராஸிலிருந்து வந்திருந்தான். அவன் ஊருக்குத் திரும்பட்டும் என்றார். அதற்கு அடுத்த நாள் ராமானுஜமே பூஞ்சேரிக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டான். பொன்னி தானும் வருவதாகச் சொன்னாள். சாலமோன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கூடத்தில் ரெண்டு நாற்காலி போட்டிருந்தது. எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது. ராமானுஜம் வங்கியில் பெரிய வேலையில் இருப்பவன். சத்தம் போட்டுப் பேசுகிறவன் இல்லை.

"அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வயசாயிடுத்து, சாலமோன். இங்க இருக்கறதையெல்லாம் முடிச்சுண்டு எங்களோட வந்துடப்போறா. வீட்டுக்கு ஆள் பாத்தாச்சு. வண்டிக்கும் வந்துருக்கு. கடப்பாக்கத்துல அருணகிரின்னு ஒருத்தர், உப்பு லோடு அடிக்கறவர். இன்ஜின் புதுசா இருக்கறதால நல்ல விலை சொல்லியிருக்கார்."

சாலமோனுக்கு முதலில் விளங்கவில்லை. பாஷ்யத்தைப் பார்த்தான். அவர் பேப்பரை மடித்துக்கொண்டிருந்தார்.

"இன்ஜின் நான் போட்டது சார்" என்றான்.

"தெரியும். இல்லைன்னு யார் சொன்னா? ஆனா நீங்களே யோசிங்கோ. இத்தனை வருஷமா வண்டியை ஓட்டினது நீங்க. பழைய இன்ஜின் தேஞ்சது உங்க கையிலதானே? அப்பா அதுக்கு உங்களை ஒரு வார்த்தை கேட்டிருப்பாரா?"

"தேயற வரைக்கும் ஓட்டி, அந்தத் துட்டு எங்க வந்துச்சி சார்?" என்றாள் பொன்னி. "எங்க வூட்டுக்கா வந்துச்சி?"

"நான் அவரண்ட பேசிண்டிருக்கேன்மா."

"நெலம் என்து சார். எங்கப்பன் குடுத்தது. அத்த வித்துதான் போட்டோம். அவரு வண்டி உன்துன்னு சொன்னாரு, போட்டோம்." பாஷ்யத்தின் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க சார். சொன்னீங்களா இல்லியா?"

பாஷ்யம் மடித்த பேப்பரை இன்னொரு மடிப்பு மடித்தார்.

"சொன்னேன்" என்றார். "உன்னோட வண்டின்னு சொன்னேன். அது... உன் வண்டி மாதிரி வெச்சுக்கோன்னு எல்லாரும் சொல்றதுதானேம்மா. அந்த அர்த்தத்துல..."

சாலமோன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணுக்கு அவர் திடீரென்று ரொம்பக் கிழவராகத் தெரிந்தார். எழுந்துகொண்டான்.

"மனஸ்தாபம் வேண்டாம் சாலமோன்" என்றான் ராமானுஜம். "புக் அப்பா பேர்ல இருக்கு. ஸ்டேஷன் அது இதுன்னு போறது யாருக்கும் நல்லா இருக்காது. சாவியைக் குடுங்கோ. நாளைக்கு ஒரு டிரைவரை வரச்சொல்லி எடுத்துண்டு போகச் சொல்றேன்."

சாவி மேல்சட்டைப் பையில் இருந்தது. சாலமோன் அதை எடுக்கவில்லை. தெரியாத எவனோ வீட்டு வாசலில் வந்து வண்டியை ஸ்டார்ட் பண்ணி, ஏறி மிதித்து, உறுமவிட்டுப் போவதை நினைத்துப் பார்த்தான்.

"நானே கொண்டுபோய் வுட்டுட்றேன்" என்றான்.

வாசலைத் தாண்டும்போது பர்வதம் பின்கட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தாள். கையில் இலையில் கட்டிய கோயில் புளியோதரை.

"குழந்தைக்குக் குடு பொன்னி."

பொன்னி அதை வாங்கவில்லை. "அன்னிக்கு நீங்க அங்கயேதான நின்னுகினு இருந்தீங்க. உங்க காதுல வுழுந்துச்சா இல்லியாம்மா?"

"விழுந்தது." பர்வதம் உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நான் சொல்லி இந்த ஆத்துல எது நடந்திருக்குடி?"

"சொல்லிப் பாத்தீங்களா?"

பர்வதம் பொட்டலத்தை நீட்டியபடியே நின்றாள். அவர்கள் தெருமுனை திரும்புகிறவரை அப்படியேதான் நின்றாள்.

மறுநாள் கிளம்பும்போது பொன்னி வாசலுக்கு வரவில்லை. உள்ளேயிருந்தே, "எங்கனா பள்ளத்துல வுட்டுட்டு வா" என்றாள். "ஒடஞ்சே தொலையட்டும்."

சாலமோன் ஈசிஆரில் மெதுவாகவே போனான். வாயலூர் பாலாற்றுப் பாலத்தில் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. ஆற்றில் தண்ணீர் இல்லை. பாலத்தின் நடுவில் வேகத்தைக் கூட்ட நினைத்தான். கால் மிதியில் அழுந்தவில்லை. பாலத்தைத் தாண்டி அவ்வளவு தூரமும் இன்ஜின் ஒரே சுருதியில் போயிற்று. சூடு காட்டுகிற முள் நடுவைத் தாண்டவில்லை.

கடப்பாக்கத்தில் அருணகிரியின் உப்புக் களம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, உப்பங்கழி ஓரமாக இருந்தது. கீற்றுப் போட்டு மூடிய உப்பு அம்பாரங்கள். வெயில் உப்பில் பட்டு எதிரில் நிற்கிறவனின் கண்ணைக் கூசச் செய்தது. அருணகிரி பருத்த ஆள். வண்டியைச் சுற்றி வந்து, டயரை உதைத்துப் பார்த்து, பானெட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"சத்தமே இல்லியேய்யா. யாரு போட்டது?"

"ஓனர்தான் சார்" என்றான் சாலமோன்.

"புதுசுன்னா பாத்து ஓட்டணும்பாங்களே. லோடு ஏத்தலாமா, கொஞ்ச நாளு போவணுமா?"

அதைச் சொல்லத்தான் வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டு வந்திருந்தான். பாதி லோடு, ரெண்டு மாதம், சூடு ஏறினால் ஓரங்கட்டு. எல்லாம் வாய் வரைக்கும் வந்தது.

"அதெல்லாம் பழகிடுச்சி" என்றான். "எவ்ளோ வேணா ஏத்துங்க. வெரட்டி ஓட்டுங்க, ஒண்ணும் ஆவாது."

அருணகிரி திருப்தியாகத் தலையாட்டினார். ஒல்லியாக ஒருவன் வந்து சாவியை வாங்கிக்கொண்டான். புது டிரைவராம், காசிநாதன். காலில் செருப்பில்லை. உப்புப் பட்டுப் பாதம் வெடித்துக் கிடந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது சாலமோனுக்கு நெஞ்சு லேசானது போலத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து பொன்னியிடம் சொன்னபோது அவளும் முதலில், "நல்லா வேணும்" என்றாள். சோறு போட்டு வைத்தாள். அவன் பிசைந்துகொண்டிருக்கும்போது கேட்டாள்:

"வண்டிய அந்த ஆளே ஓட்டுவாரா?"

"இல்ல. டிரைவர் வெச்சிகிறாரு. காசிநாதன்னு ஒருத்தன்."

"எந்த ஆளுங்க?"

"நம்மள மாதிரிதான். களத்துல உப்பு வார்றவனா இருந்தவன் போலகீது."

பொன்னி குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டாள். "அப்ப இன்ஜின் புடிச்சிக்கினா யாரு தலையில வுழும்? அந்த ஆளு, ராமானுஜத்துகிட்ட போய் கேப்பாரா? உன் கையிலதான போச்சின்னு அந்தக் காசிநாதனத்தான் கேப்பாரு."

சாலமோன் சாப்பாட்டை நிறுத்திவிட்டான்.

"நான் இன்னா செய்ய சொல்ற?" என்றான்.

"நான் ஒண்ணும் சொல்லல. நான்தான் ஒடஞ்சி தொலையட்டும்னேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "வேர்வையாவே ஊத்துது."

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் சாலமோன் கடப்பாக்கம் போனான். களத்தில் லாரி நின்றுகொண்டிருந்தது. பெண்கள் கூடையில் உப்பு சுமந்து பலகை மேல் ஏறிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பாரம் அப்போதே பக்கப் பலகைக்கு மேல் கூம்பாக நின்றது. காசிநாதன் அவனைப் பார்த்ததும் கீழே இறங்கி வண்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டான்.

"கிட்ட வராத அண்ணாத்த. பழைய டிரைவர் வருவான், எதனா தகராறு பண்ணுவான், வண்டிய தொட வுடாதன்னு ஓனர் சொல்லிகீறாரு."

"தொடல. ஒண்ணு சொல்லிட்டு பூட்றேன். நேத்து நான் சொன்னது பொய். இன்ஜின் இன்னும் பழகல. இந்த லோடு தாங்காது."

காசிநாதன் அவனை மேலும் கீழும் பார்த்தான். "எதனா கழட்டிகினு பூட்டியா?"

"இல்லப்பா. கழட்டல."

"அப்ப ஏன் பொய் சொன்ன?"

அதற்குள் அருணகிரியே குடிசையிலிருந்து வெளியே வந்துவிட்டார். சாலமோன் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னான். இன்ஜின் யார் போட்டது, நிலம் எது, பாஷ்யம் சார் என்ன சொன்னார். அருணகிரி பொறுமையாகத்தான் கேட்டார்.

"நேத்து நீதான கேட்டதுக்கு வெரட்டி ஓட்டுன்ன? இன்னிக்கு இப்படி சொல்ற. எத்த நம்பறது?" என்றார். "உனக்கும் அவங்களுக்கும் ஆயிரம் இருக்கும். நான் துட்டு குடுத்து வாங்கியிருக்கேன். மெட்ராஸ்ல சாயங்காலம் உப்பு எறங்கியாவணும். கெளம்பு தம்பி." கடைசி வார்த்தை சாலமோனுக்கா காசிநாதனுக்கா என்று தெரியவில்லை.

சாலமோன் ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றான். நிழல் இல்லை. கொஞ்ச நேரத்தில் களத்து மண்பாதையில் லாரி திணறிக்கொண்டு ஏறி வருவது கேட்டது. காசிநாதன் ஏற்றத்தில் கியரை இறக்காமலே ஏற்றினான். சாலமோன் பற்களைக் கடித்துக்கொண்டான். லாரி அவனைத் தாண்டிப்போய், திரும்பினால் களம் தெரியாத வளைவில் ஓரங்கட்டி நின்றது. காசிநாதன் கையை வெளியே நீட்டிக் கூப்பிட்டான்.

ஏறி உட்கார்ந்ததும் காசிநாதன் அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்: "அவர் எதிர்ல பாதி லோடுதான் ஏத்துவேன்னு சொன்னா, நாளைக்கு இந்த சீட்ல வேற ஆளு குந்தியிருப்பான். எனக்கு மூணு புள்ளைங்க. இப்ப சொல்லு, எப்படி ஓட்டணும்."

சாலமோன் சொன்னான். எந்த வேகத்தில் எந்த கியர், சத்தம் கனத்தால் என்ன செய்வது, சூடு முள் எங்கே வந்தால் நிறுத்துவது. பாலாற்றுப் பாலத்துக்கு முன்னால் ஒருமுறை நிறுத்தச் சொன்னான். இறங்கி, பானெட்டைத் திறந்துவிட்டு, காற்றாட விட்டார்கள். காசிநாதன் டீ வாங்கித் தந்தான். கல்பாக்கத்துக்கு அப்பால் மறுபடியும் ஒருமுறை நிறுத்தினார்கள்.

"இப்படி நின்னு நின்னு போனா சாயங்காலத்துக்குள்ள எங்க போறது" என்றான் காசிநாதன்.

"தெனம் இந்த லோடுதானா?"

"தெனம் இதான்."

"அப்ப ரொம்ப நாளு வராது" என்றான் சாலமோன். "வர்ற வரைக்கும் ஓட்டு. புடிச்சிக்கிச்சின்னா அருணகிரிகிட்ட சொல்லு, பழைய டிரைவர் பொய் சொல்லிட்டான்னு. என்னையே சொல்லு. பூஞ்சேரி சாலமோன்னு சொல்லு."

காசிநாதன் தலையாட்டினான்.

பூஞ்சேரிக் கூட்டுரோட்டில் பொன்னி லாட்ஜ் வேலை முடிந்து ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். தூரத்திலேயே அவளுக்கு வண்டி தெரிந்துவிட்டது. உள்ளே சாலமோன் உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது. கையிலிருந்த பையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ரோட்டைக் குறுக்கே கடந்து வேகமாக வந்தாள். பல நாட்களாக அவள் அப்படி நடந்து அவன் பார்க்கவில்லை.

லாரி ஓரங்கட்டி நின்றது. சாலமோன் கிளீனர் உட்காரும் இடதுபக்கக் கதவைத் திறந்துகொண்டு இறங்கினான்.

பொன்னி நின்றுவிட்டாள். அவள் பார்வை அவனைத் தாண்டி ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்தவன் மேல் போய், திரும்ப வந்தது. காசிநாதன் சொல்லிக்கொடுத்தபடியே மெதுவாக வண்டியை நகர்த்தினான். அது போகிறவரை ரெண்டு பேரும் ரோட்டோரத்திலேயே நின்றார்கள்.

"சாப்ட்டியா?" என்றாள் பொன்னி.

"டீ குடிச்சேன்" என்றான். "அவன் வாங்கிக் குடுத்தான்."